கிருமியே இல்லாத வயிறு

பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதத்தை நம் இரைப்பை எப்படிச் செரிக்கிறது? பெப்சின் என்ற நொதியைக் கொண்டுதான். 1836இல் ஜெர்மனியின் தியோடர் ஷ்வான் இதைக் கண்டறிந்தார். ஆனால், இரைப்பைச் செல்களும் புரதத்தால் ஆனவை ஆயிற்றே! பெப்சினை அப்படியே தயாரித்தால் அது அந்தச் செல்களையே அரித்துவிடும். அதனால் அவை பெப்சினோஜன் என்ற தூங்கும் பொருளைத்தான் சுரக்கின்றன. அமிலம் பட்ட பிறகே அது விழித்துப் பெப்சின் ஆகிறது.

இந்தப் பெப்சினோஜனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்துவிடும். அந்தச் சிறு கசிவைத்தான் ஜப்பானிய மருத்துவர்கள் துப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே இரைப்பைப் புற்றுநோய் அதிகம். எல்லோருக்கும் வாய் வழியே கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பது லேசான வேலையா? யாரை முதலில் பார்ப்பது என்று தெரிந்தால் நல்லது.

பெப்சினோஜனில் இரண்டு வகை உண்டு. முதல் வகை இரைப்பையின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் மட்டுமே சுரக்கும். இரண்டாம் வகை இரைப்பை முழுவதும் சுரக்கும். மேலேயும் நடுவிலும் உள்ள சுரப்பிகள் அழிந்தால் முதல் வகை குறைந்துவிடும். இரண்டாம் வகை அவ்வளவாகக் குறையாது. ரத்தத்தில் முதல் வகை ஒரு மில்லிலிட்டருக்கு 70 நானோகிராமோ அதற்குக் கீழோ இருந்து, அது இரண்டாம் வகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இல்லையென்றால், இரைப்பைச் சுவர் நலிந்துவிட்டது, புற்றுநோய் ஆபத்து உண்டு என்று கணக்கு.

நலிய வைப்பது யார்? பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற சுருள் வடிவக் கிருமி. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமி பல ஆண்டுகள் தங்கிச் சுவரைப் புண்ணாக்கும். அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளும் ரத்தத்தில் தெரியும்.

இரண்டு சோதனைகளையும் சேர்த்து மக்களை ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். கிருமியும் இல்லை, நலிவும் இல்லை என்றால் ஏ. கிருமி மட்டும் இருந்தால் பி. இரண்டும் இருந்தால் சி. நலிவு இருக்கிறது, கிருமியைக் காணோம் என்றால்? அது டி. கிருமி போய்விட்டதே, நல்லதுதானே என்று தோன்றும். இல்லை, புற்றுநோய் ஆபத்து மிக அதிகம் இவர்களுக்குத்தான்! சுவர் நலிந்து நலிந்து, கிருமியே குடியிருக்க முடியாத இடமாகிவிட்டது. குழாய் விட்டுப் பார்த்தால், மெலிந்துபோன சுவரின் அடியில் ரத்தக் குழாய்கள் கிளை கிளையாகத் தெரியும்.

பயப்படாதீர்கள், சிறுவர்களுக்கு இந்தப் புற்றுநோய் மிக மிக அரிது. டி பிரிவு என்றாலே புற்றுநோய் வந்துவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. அடிக்கடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டியவர் என்றுதான் அர்த்தம். ஆரம்பத்திலேயே கண்டால் பல கட்டிகளை வயிற்றைக் கிழிக்காமல், அந்தக் குழாய் வழியாகவே அகற்றிவிடலாம்.

மாத்திரை சாப்பிட்டுக் கிருமியை ஒழித்தவர்களுக்கு இந்தப் பிரிப்பு சரிவராது. ஆபத்து மிச்சம் இருந்தாலும் ரத்தம் அவர்களை ஏ என்று காட்டிவிடக்கூடும். சோதனைக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.