மினோரு: முற்றிய கதிரின் பெயர்

மகவு பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவு. வீடு கழுவி, புண்ணியவாசனம் தெளித்து, பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நேரம் வரும்போது யாழ்ப்பாணத்து வீடுகளிலே பஞ்சாங்கம் விரிகின்றது. அச்சுவினியிற் பிறந்த பிள்ளைக்குச் ‘சு, சே, சோ, ல’ என்னும் எழுத்துக்களுள் ஒன்று முதலாக வேண்டும் என்பர். அதன்மேல் எண் சோதிடர் வந்து கூட்டுத்தொகை சரிவர வேண்டும் என்பார். எழுத்தும் எண்ணும் ஒத்துவந்த பின்பு கிடைப்பது நிதுர்சன், டிலக்சன் போன்றதொரு பெயர். செவிக்கு இனிமைதான். ஆயினும், ‘தம்பி, உன் பெயருக்குப் பொருள் என்ன?’ என்று வகுப்பிலே ஆசிரியர் கேட்டால், பிள்ளை விழிக்கின்றான். வீட்டிற் கேட்டுவரச் சொன்னால் பெற்றோரும் விழிக்கின்றனர்.

இந்நிலையை எண்ணும்போதெல்லாம் யப்பானிய ஆண்பெயர் ஒன்று நினைவுக்கு வருகின்றது. மினோரு என்பது அப்பெயர். அதன் பொருள் ‘முற்று, விளை, கதிர் கொள்’ என்பதாம்.

யப்பானிய மொழியில் ‘மி’ என்பது காயும் கனியும் மணியுமாகிய விளைபொருளைக் குறிக்கும் சொல். அதனை முதலாகக் கொண்ட வினை மினோரு. வயலில் நெல் முற்றினாலும், தோட்டத்திற் பழம் கனிந்தாலும், ஒருவன் உழைப்புப் பலன் தந்தாலும் யப்பானியர் ‘மினோரு’ என்பர். அந்த வினையை, ஓர் எழுத்தும் மாற்றாமல், அப்படியே பிள்ளைக்குச் சூட்டுகின்றனர். இவ்வகைப் பெயர்கள் அம்மொழியிற் பல. சுசுமு என்றால் ‘முன்னேறு’. நொபொரு என்றால் ‘ஏறு’. மனபு என்றால் ‘கல்’. மமொரு என்றால் ‘கா’. தமிழிலும் வினையினின்று பெயர் பிறப்பதுண்டு. செழித்தவன் செழியன், காத்தவன் காத்தான். ஆனால் நாம் விகுதி சேர்த்து வினைசெய்தவனைக் காட்டுகின்றோம். அவர்களோ வினையை மட்டும் தந்து, செய்யும் பொறுப்பைப் பிள்ளையிடம் விட்டுவிடுகின்றனர்.

மேற்சொன்ன பெயர்களுள் இரண்டு தமிழுலகுக்கு அந்நியமானவையல்ல. தென்னிந்திய வரலாற்றை ஆராய்ந்து, 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் நொபொரு கராசிமா ஒருவர். யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் வாதிட்ட பேராசிரியர் சுசுமு ஓனோ (1919 - 2008) மற்றவர். தோக்கியோவின் கக்குசுயின் பல்கலைக்கழகத்தில் ஓனோ செய்த ஆய்வுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும், அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் பங்குகொண்டு உழைத்தமை நம்மவர் அறிந்ததே. வயலைக் குறிக்கும் ‘ஹதகே’ என்னும் சொல்லைப் ‘படுகர்’ என்பதனோடும், தவிட்டைக் குறிக்கும் ‘நுகா’ என்பதனை ‘நுக்கு’ என்பதனோடும் ஓனோ ஒப்பிட்டார். நமது பொங்கலையும், அங்கு சனவரி நடுவில் வரும் சிறு புத்தாண்டுச் சடங்குகளையும் அருகருகே வைத்து நோக்கினார். மொழியியலாளருட் பெரும்பாலோர் அவர் முடிபை ஏற்கவில்லை. இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லவாயினும், இரு மக்களும் நெல்லை நம்பி வாழ்ந்தவர் என்பதிலே ஐயமில்லை. மினோரு என்னும் பெயர் நமக்கு விளங்குவதற்கு அவ்வளவே போதும்.

அப்பெயரை எழுதும் எழுத்துக்களுள் ஒன்றின் இடப்பாகம் தானியத்தைக் குறிக்கும் உறுப்பு. முற்றிய கதிர் தலை சாய்வதைக் கற்றறிந்தோர் பணிவுக்கு உவமையாக்குவது யப்பானியர் மரபு. நம் திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணி நாமகள் இலம்பகத்திலே இதே காட்சியைக் கண்டிருக்கின்றார். கருக்கொண்ட பயிர் நிமிர்ந்து நிற்பது சிறியோர் செல்வம் பெற்றது போலவும், விளைந்த பின் வணங்குவது கல்வி நிறைந்தோர் போலவும் அவருக்குத் தோன்றியது. ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டார் ஒரே கதிரைப் பார்த்து ஒரே நீதியைக் கற்றனர்.

இனி, இப்பெயர் பரவிய வரலாற்றை நோக்குவோம். யப்பானில் மெய்சி யசுதா என்னும் ஆயுட் காப்புறுதி நிறுவனம், 1912 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிறந்தோருக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர்களைத் தன் பதிவுகளிலிருந்து வரிசைப்படுத்தியுள்ளது. அவ்வரிசை ஒரு நாட்டின் நெஞ்சைக் காட்டும் கண்ணாடி. போர் உச்சத்தில் இருந்த 1942 முதல் 1945 வரை ஆண்பெயர்களில் முதலிடம் பெற்றது மசாரு எனப் படிக்கப்பெறும் எழுத்து, பொருள், வெற்றி. 1945 ஆகத்தில் யப்பான் சரணடைந்தது. அவ்வாண்டு நெல் விளைவும் பொய்த்தது. நகரங்கள் சாம்பலாயின, பசி வாட்டியது, 1946 மே மாதத்தில் உணவு கேட்டு மக்கள் தோக்கியோவிலே திரண்டனர். அந்த 1946-ஆம் ஆண்டிலே முதலிடத்திற்கு வந்த பெயர் மினோரு.

நேற்றுவரை ‘வெல்’ என்று பெயர் வைத்தவர்கள், இன்று ‘விளை’ என்று பெயர் வைத்தார்கள். எந்த அரசும் இதற்குச் சட்டம் இயற்றவில்லை. பசித்த தாய்மார் தத்தம் குடிலில் இருந்தபடியே ஒரே சொல்லைத் தேர்ந்தனர்.

ஆயினும், பெயர் ஒருவன் விதியை எழுதிவிடும் என்று மயங்குதல் வேண்டா. 1941-இல் பேள் துறைமுகத் தாக்குதலுக்கு வான்படைத் திட்டம் வகுத்த அதிகாரியின் பெயரும் மினோருவே, மினோரு கெந்தா. 1942 ஏப்பிரல் 5-ஆம் நாள் கொழும்பிலும், 9-ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டு பொழிந்த கப்பற்படையில் வான்படை அலுவல்களைத் திட்டமிட்டவரும் அவரே. கதிரின் பெயர் தாங்கியவர் நம் தீவுக்கு அனுப்பியது நெருப்பு.

அதே ஆண்டு, அதே பெயருடைய இன்னொருவரை அமெரிக்காவிலே காண்கின்றோம். ஒறிகன் மாநிலத்திற் பழத்தோட்டம் வைத்திருந்த யப்பானியக் குடியேற்றக் குடும்பத்திலே 1916-இற் பிறந்தவர் மினோரு யசூயி. சட்டம் பயின்றவர். போர் மூண்டபின் யப்பானிய வழியினருக்கு இரவு ஊரடங்கு விதிக்கப்பட்டது. பிறப்பால் அமெரிக்கக் குடிமகனாகிய தமக்கு அது பொருந்தாது என்று, 1942 மார்ச்சு 28-ஆம் நாள் இரவு போட்லண்ட் வீதியிலே வேண்டுமென்றே நடந்து கைதானார். ஒன்பது மாதம் தனிச்சிறையில் இருந்தார். 1943-இல் அமெரிக்க உயர் நீதிமன்றமும் அவருக்கு மாறாகவே தீர்த்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்து, 1984-இல் அத்தண்டனை நீக்கப்பெற்றார். 1986-இற் காலமான அவருக்கு, 2015-இல் அந்நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது வழங்கப்பட்டது. அமெரிக்கர் அவரை ‘மின்’ என்று சுருக்கி அழைத்தனர். தொறொன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம் பிள்ளைகளின் பெயர்களும் இவ்வாறே சுருங்குகின்றன. சுருங்குவது குற்றமன்று. விரித்துச் சொல்ல ஒரு பொருள் உள்ளே இருத்தல் வேண்டும்.

இன்று யப்பானிலே மினோரு என்று பெயரிடுவோர் அருகிவிட்டனர். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பெற்ற ‘ரென்’ என்பதற்குத் தாமரை என்று பொருள். கமலநாதனும் அரவிந்தனும் அதற்கு உறவினர். ஓசைக்காக மட்டும் பெயர் புனையும் வழக்கம் அங்கும் புகுந்துள்ளது. 1993-இல் ஒருவர் தம் மகனுக்குப் ‘பேய்’ எனப் பொருள்படும் அகுமா என்று பெயரிட முயன்று நாடே வழக்காடியது. வழக்கத்திற்கு ஒவ்வாத வகையில் எழுத்துக்களைப் படிக்கும் பெயர்களைக் கட்டுப்படுத்த 2025 மே மாதத்திலிருந்து புதிய விதி நடைமுறைக்கு வந்திருக்கின்றது. ஆயினும், பிறந்த ஏழாம் இரவிலே பிள்ளையின் பெயரைத் தாளில் எழுதி வீட்டிலே தொங்கவிடும் வழக்கம் இன்னும் உண்டு. வந்தவர் அவ்வெழுத்தைப் பார்த்துப் பொருளை வினவுவர். பெற்றோர் விடை சொல்வர்.

நம்மிடமும் இம்மரபு இருந்தது. யப்பானியர் மூத்த மகனை இசிரோ என்றும் இரண்டாமவனைச் சிரோ என்றும் அழைத்ததுபோல, நாமும் மூத்ததம்பி, இளையதம்பி, சின்னத்தம்பி என்று பிறந்த முறையையே பெயராக்கினோம். பாட்டன் பெயரைத் தாங்கியவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. யாழ்ப்பாணத்திலே பாட்டனையும் பேரன் என்றே அழைப்பர். பெயரைத் தந்தவரும் பெற்றவனும் ஒரு சொல்லில் இணைந்திருந்தனர். ஆறுமுகம், கந்தையா, வேலுப்பிள்ளை என்று படலையிலே நின்று கூப்பிட்டால், பிள்ளையையும் கூப்பிட்டதாகும், நல்லூரானையும் கூப்பிட்டதாகும்.

நமக்கும் ஒரு போர் வந்தது. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்து மக்கள் மழையிலே செம்மணி வழியாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். மானாவாரியை நம்பி விதைத்தவர் பலர், தை மாதத்து அரிவு வெட்டுக்கு ஊரில் இருக்கவில்லை. அடுத்து வந்த தைப்பூசத்திலே தம் வயற் புதிரைப் பலர் காணவில்லை. அப்படி அலைந்த காலத்திற் பிறந்த பிள்ளைகள் இன்று தாமே தாய் தந்தையர் ஆகியிருக்கின்றனர். தங்கள் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர்கள் பஞ்சாங்கத்தை விரிக்கும் இந்நேரத்தில், 1946-இன் யப்பானியத் தாயை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

நாள் எழுத்தை நோக்குதல் தவறன்று. ‘சு’ என்னும் எழுத்திலே தொடங்கிச் சுடரோன் என்று வைக்கலாமே. வடசொல்லோ தென்சொல்லோ என்ற வழக்கையும் இங்கே நாம் எழுப்பவில்லை. வேண்டுவது ஒன்றே: பிள்ளை வளர்ந்து ஒருநாள், ‘அம்மா, எனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தீர்கள்?’ என்று கேட்கும்போது, அவன் கையைப் பிடித்துச் சொல்வதற்கு ஒரு வாக்கியமாவது நம்மிடம் இருத்தல் வேண்டும். மினோருவின் தாயிடம் அது இருந்தது. ‘அப்போது வயலில் ஒன்றும் இல்லை, மகனே, அதனால்தான்’ என்று அவள் சொல்லியிருப்பாள்.