எந்த மின்னாக்கி எவ்வளவு ஓட வேண்டும்?

தேவை 300 மெகாவாட், மின்னாக்கிகள் இரண்டு. "ஆளுக்கு 150 கொடுத்துட்டா முடிஞ்சுது சார்" என்பார்கள் மாணவர்கள். சரியா?

இன்னும் ஒரு மெகாவாட் கூட்டினால் மணிக்கு ஆகும் கூடுதல் செலவு (ரிங்கிட்) இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

அ: 10 + 0.1 × உற்பத்தி
ஆ: 20 + 0.1 × உற்பத்தி

150–150 என்றால் கூடுதல் செலவு முறையே 25, 35. ஆ-வில் குறைத்து அ-வில் கூட்டினால் லாபம்தானே? இரண்டும் சமமாகும் வரை மாற்றுவோம்: அ 200, ஆ 100. இப்போது இரண்டிலும் 30.

மாற்றியது 50 மெகாவாட். ஆ-வில் சராசரியாக 32.5 குறைகிறது, அ-வில் 27.5 கூடுகிறது. மிச்சம் 50 × 5 = மணிக்கு 250 ரிங்கிட்.

விதி: கூடுதல் செலவுகள் சமமானால் மொத்தச் செலவு மிகக் குறைவு. ஒரு மின்னாக்கி அதன் உச்சத் திறனை எட்டிவிட்டால், அதை அந்த அளவிலேயே வைத்து, மீதியை மற்றவற்றுக்குப் பிரிக்கவும்.

எதை ஓட்டுவது, எதை அணைப்பது என்பது வேறு கேள்வி. மறுபடி கிளப்பவும் செலவு உண்டு. 10 மின்னாக்கிகளுக்கு ஒரு மணி நேரத்துக்கே 1024 சேர்க்கைகள்! அங்கே இந்த விதி மட்டும் போதாது; முழு எண் கலந்த நேரியல் நிரலாக்கம் போன்ற முறைகள் வேண்டும்.

தேர்வில் விடை கண்டதும் இரண்டைப் பாருங்கள்: கூடுதல் செலவு சமமா? கூட்டினால் 300 வருதா?