திருவாதிரை இன்னும் இருக்கின்றதா?

சென்ற மார்கழியில் எமது வகுப்பு மாணவருக்கு இருபத்தேழு நட்சத்திரங்களின் பெயர்களைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். அப்பொழுது மாணவி ஒருத்தி எழுந்து, "ரீச்சர், என்னுடைய நட்சத்திரம் திருவாதிரை என்று அம்மம்மா சொன்னா. அது வெடித்துப்போய்விட்டது என்று அண்ணா சொல்கிறார். உண்மையா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டமையால் அன்று விடை கூற இயலவில்லை. அக்கடனை இம்மலரில் தீர்க்க விழைகின்றோம்.

திருவாதிரையைக் காண்பது எளிது. நாம் வாழும் இக்குளிர் நாட்டில், தை மாதத்து முன்னிரவில் தென்திசை வானை நோக்குங்கள். ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றுக்கு மேலே, இடப்புறமாகச் செந்நிறத்தில் ஒளிர்வதே திருவாதிரை. மேலைநாட்டார் இதனைப் 'பீற்றல்யூஸ்' என்பர். மார்கழிப் பூரணைச் சந்திரன் வானத்தின் இப்பகுதியிலேயே நிற்கும். நம் கோயில்களில் ஆருத்திரா தரிசனம் அக்காலத்தில் நிகழ்வதன் காரணமும் இதுவே.

இவ்விண்மீனின் கதையைச் சொல்ல, 1380 கோடி ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். அப்போது பேரண்டம் முழுவதும் அளவிறந்த வெப்பமும் செறிவும் உடையதாய் இருந்து, விரியத் தொடங்கிற்று. இதனைப் 'பெருவெடிப்பு' என்கின்றனர். இப்பெயர் சற்றே வழிதவறச் செய்வது. வெற்றிடத்தின் நடுவே ஒரு குண்டு வெடித்ததுபோல அது நிகழவில்லை; வெளியே விரிந்தது, எங்கும் விரிந்தது. முதற் சில நிமிடங்களில் ஐதரசன், ஈலியம் ஆகியவற்றின் கருக்களும், மிகச் சிறிதளவு இலிதியமும் தோன்றின. அவ்வளவுதான். காபன் இல்லை, ஒட்சிசன் இல்லை, இரும்பும் இல்லை.

இதற்குச் சான்று உண்டா எனின், உண்டு. 1964 இல் அமெரிக்காவின் நியூஜேர்சியில் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் தமது வானலை வாங்கியில் ஓயாத இரைச்சல் ஒன்றைக் கேட்டனர். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சமே காரணம் என்றெண்ணி, அதனைத் துடைத்துத் துப்புரவாக்கினர். இரைச்சல் நின்றபாடில்லை. பேரண்டத்தின் இளமைக்கால வெப்பத்தில் எஞ்சிய கதிர்வீச்சே அது எனப் பின்னர் தெளிவாயிற்று. 1978 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விண்மீன்கள் வாயு முகில்களில் பிறக்கின்றன. மேற்கூறிய மூன்று விண்மீன்களுக்குக் கீழே மங்கலாகத் தெரியும் புகைபோன்ற திட்டு அத்தகைய ஒரு தொட்டில். முகில் தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும். நடுப்பகுதி ஒரு கோடி பாகைக்கு மேல் சூடேறியதும், ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாகும். நமது சூரியன் ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 60 கோடி தொன் ஐதரசனை இவ்வாறு மாற்றுகின்றது. ஈர்ப்பு உள்ளே அழுத்த, வெப்பம் வெளியே தள்ள, இவ்விரண்டின் சமநிலையே விண்மீனின் வாழ்வு.

மிகுந்த எரிபொருள் உடையது நெடுநாள் வாழும் என நினைப்போம். நடப்பது மறுதலை. சூரியனின் ஆயுள் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டு. அதைவிடப் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட திணிவுடன் பிறந்த திருவாதிரைக்கோ ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டே. அது ஊதாரியின் செல்வம் போன்றது. இன்று அது முதுமையெய்தி, சூரியனின் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்குமளவு பருத்து நிற்கின்றது.

சூரியன் இறுதியில் 'வெண்குள்ளன்' எனும் சிறு விண்மீனாக ஒடுங்கும். எல்லா விண்மீன்களும் அவ்வாறே அடங்கும் என முன்னர் நம்பினர். 1930 இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், பயணத்தின்போதே கணக்கிட்டு வேறு முடிவுக்கு வந்தார். சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய வெண்குள்ளன் நிலைத்திருக்க இயலாது என்பதே அது. அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். 1935 தை மாதம் இலண்டனில் வானியலறிஞர் அவையில் அவர் இதனை விளக்கியபோது, அக்காலத்துப் பேரறிஞர் எடிங்டன் எழுந்து எள்ளி நகையாடினார். அவையும் சிரித்தது. இளைஞர் தம் கணக்கைக் கைவிடவில்லை. ஆயினும் சண்டையிட்டுக்கொண்டும் இருக்கவில்லை. நூலொன்றில் அதனை எழுதிவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். நோபல் பரிசு 1983 இல் வந்தது, நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து! எடிங்டனின் ஆற்றலை நாம் மதிக்கின்றோம். அன்றைய சிரிப்பை மதிக்க இயலவில்லை.

திருவாதிரை அந்த எல்லையைக் கடக்கவுள்ள விண்மீன். அதன் நடுவில் ஈலியம் காபனாகவும் ஒட்சிசனாகவும் மாறும். பின் படிப்படியாக இரும்புவரை செல்லும். இரும்புக் கருக்களை இணைத்தால் சக்தி கிடைப்பதில்லை. எனவே அடுப்பு அணையும். நடுப்பகுதி ஒரு செக்கனுக்குள் இடிந்து வீழும். மேற்பகுதி வெடித்துச் சிதறும். 1054 இல் சீனர் இத்தகைய வெடிப்பொன்றை இருபத்துமூன்று நாள் பகலிலும் கண்டதாகக் குறித்துள்ளனர். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனும், எலும்பிலுள்ள கல்சியமும் பெரும்பாலும் இவ்வாறு இறந்த விண்மீன்களில் ஆக்கப்பட்டவை. நாம் அருந்தும் நீரிலுள்ள ஐதரசன் மட்டும் முதற் சில நிமிடங்களுக்கு உரியது.

2019 இன் இறுதியில் திருவாதிரை திடீரென மங்கிற்று. வெடிக்கப்போகின்றது எனப் பலரும் ஆரவாரித்தனர். மாணவியின் அண்ணா கேட்டதும் அச்செய்தியாகலாம். விண்மீன் உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசாகி அதன் முகத்தை மறைத்தது என்பதே ஆய்வாளர் கண்ட காரணம். 2020 இல் அது மீண்டும் ஒளி பெற்றது.

இனி விடை. திருவாதிரையின் ஒளி நம்மை அடைய ஐந்நூறு முதல் எழுநூறு ஆண்டுகள் செல்லும். எனவே இன்று நாம் காண்பது அதன் பழைய முகம். பெரும்பாலான கணிப்புகளின்படி, வெடிப்பதற்கு இன்னும் ஓர் இலட்சம் ஆண்டளவு செல்லலாம். அவ்வாறாயின், நமக்குத் தெரியாமல் அது ஏற்கெனவே வெடித்திருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வெடித்தாலும் இத்தொலைவில் நமக்குத் தீங்கில்லை. சில வாரங்களுக்குப் பகலிலும் தெரியும்.

சாதகத்தைப் பற்றி அம்மம்மாவிடமே கேட்டுக்கொள்க. நட்சத்திரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றது.