சுட்ட துப்பாக்கியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா? நாட்டுத் துப்பாக்கிக் குழல் பராமரிப்பு ஏன் முக்கியம்?

1781 ஜூனில் ஹைதர் அலியின் வீரர்கள் காவல் இருந்த சிதம்பரம் கோயிலைப் பிடிக்க முயன்று தோற்றார் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட். ஜூலை 1-ம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றார். 1783-ல் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். அன்றைய சிப்பாய்களின் கையில் இருந்தது, வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்துச் சுடும் துப்பாக்கி. அதே முறையில் இயங்கும் நாட்டுத் துப்பாக்கியை இன்றும் உரிமத்தோடு வைத்திருப்பவர்கள் உண்டு. அதன் பெரிய எதிரி துரு.

எதனால் துரு பிடிக்கிறது?

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்தது. எரிந்த பிறகு அதில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையோடு போய்விடும். மீதி குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். அதில் நிறைய இருப்பது பொட்டாசியம் உப்புகள். இவை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். கடலூர் மாதிரி கடலோர ஊரில் ஒரு ராத்திரி சும்மா வைத்தாலே குழல் துருவேற ஆரம்பித்துவிடும். துரு அரித்த குழல் பலமிழக்கும். சுடும்போது வெடித்தால் சுடுபவர் கைக்கும் கண்ணுக்கும்தான் ஆபத்து.

எண்ணெய் போட்டால் போதாதா?

போதாது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் கழுவத் தண்ணீர், காக்க எண்ணெய். இந்த வரிசை மாறக்கூடாது.

எப்படிச் சுத்தம் செய்வது?

* முதலில் கேப்பை எடுங்கள். கம்பியைக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று வெளியே வைத்து அளந்து பாருங்கள். அடி வரை போகவில்லை என்றால் உள்ளே மருந்து இருக்கலாம். நீங்களே நோண்டாமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.
* வெந்நீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து, நனைத்த துணியைக் கம்பியில் சுற்றித் துடையுங்கள். துணி கறுப்பில்லாமல் வரும்வரை தொடரவும்.
* காய்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள்.
* கடைசியாக மெல்லிசாக எண்ணெய். அடுத்த முறை சுடும் முன் அதைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நனையும். பெட்ரோலிய எண்ணெய் என்றால் கரியோடு சேர்ந்து தார் போலப் பிடித்துக்கொள்ளும்.

குண்டுக்குக் கொழுப்பு ஏன்?

பழைய மஸ்கட்டின் குழல் அகலம் 0.75 அங்குலம், குண்டோ சுமார் 0.69. கரி படிந்தாலும் குண்டு இறங்கத்தான் அந்த இடைவெளி. 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளில் குண்டு குழலுக்கு நெருக்கமாக இருந்ததால், தோட்டாவுக்குக் கொழுப்புத் தடவினார்கள். அது மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற சந்தேகத்தில், 1857 ஏப்ரலில் மீரட்டில் 85 சிப்பாய்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 10-ல் அங்கே புரட்சி வெடித்தது.

கவனிக்க வேண்டியது

ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். தேர்தல் சமயத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால், அது வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஒப்படைக்கும் முன் காலியாக இருப்பதை உறுதி செய்து, கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசிக் கொடுங்கள்.