உடையாளூரில் மறைந்த திருமாளிகை

அரசரின் உடலையோ சாம்பலையோ அடக்கம் செய்த இடத்தில் லிங்கம் நாட்டி எழுப்பிய கோயில் பள்ளிப்படை. ஆதித்த சோழன் தொண்டைமானாற்றூரில் இறந்தபின் அவன் மகன் முதலாம் பராந்தகன் அங்கே எடுத்த கோயில், காளத்திக்கு அருகே பொக்கசம்பாலத்தில் இன்றும் இருக்கிறது. ஆற்றூரில் இறந்த அரிஞ்சயனுக்கு அவனுடைய பேரன் முதலாம் ராஜராஜன் மேல்பாடியில் கோயில் கட்டினான். பாண்டிய நாட்டிலும் இந்த வழக்கம் உண்டு. திருச்சுழிக்குப் பக்கத்துப் பள்ளிமடத்தில் உள்ள சுந்தரபாண்டிய ஈஸ்வரத்தைக் கல்வெட்டே பள்ளிப்படை என்கிறது.

பாட்டனுக்குக் கோயில் எடுத்த ராஜராஜன் 1014இல் மறைந்தான். அவனுக்கென்று எழுந்த நினைவுக் கோயில் எதுவும் இன்று நிற்கவில்லை. அப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று நினைக்க வைப்பது, கும்பகோணத்துக்குத் தெற்கே உடையாளூரில் பால்குளத்தி அம்மன் கோயிலில் உள்ள ஒரு தூண் கல்வெட்டு.

அது முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டை, அதாவது 1112ஐச் சேர்ந்தது. சிவபாதசேகர மங்கலத்தில் இருந்த ராஜராஜ தேவரின் திருமாளிகையில், முன்புறப் பெரிய மண்டபம் பழுதடைந்ததால் அதைப் புதுப்பித்த செய்தியைச் சொல்கிறது. சிவபாதசேகரன் என்பது ராஜராஜனின் பட்டப்பெயர். கோயிலில் இறைவனைக் குறிக்கும் மொழியிலேயே கல்வெட்டு அவனையும் குறிக்கிறது. மன்னன் மறைந்து 98 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கட்டடம் பேணப்பட்டது என்பதே பெரிய செய்தி. ஆனால் பள்ளிப்படை என்ற சொல் அதில் இல்லை. திருமாளிகை அரண்மனையாகவும் இருக்கலாம் என்று ஒரு சாரார் வாதிடுவது இதனால்தான்.

இடம் மட்டும் நினைவுக் கோயில் என்ற கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. சோழர் மாளிகை இருந்த பழையாறை அருகில்தான். அதே சுற்றுவட்டாரத்தில், பட்டீஸ்வரத்தை ஒட்டி, ராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன் மாதேவிக்கு முதலாம் ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை முழுமையாக நிற்கிறது. சிற்றன்னைக்குக் கற்றளி எழுப்பிய மகன் தந்தையை மறந்திருப்பானா என்ற கேள்வி நியாயமானதே.

பஞ்சவன் மாதேவீச்சரத்தின் பொறுப்பில் லகுளீச பண்டிதர் என்ற சைவத் துறவி இருந்ததை அங்குள்ள கல்வெட்டு காட்டுகிறது. இத்தகைய கோயில்கள் அரச குடும்பத்தின் மானியத்தையும் துறவியர் மரபையும் நம்பியவை. பாடல் பெற்ற தலங்களுக்கு வந்த அடியார் கூட்டம் இவற்றுக்கு இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் தஞ்சையையும் உறந்தையையும் எரித்தனர். 1279க்குப் பின் சோழ மரபே முடிந்தது. காப்பார் இல்லாத கட்டடத்தின் கற்களும் தூண்களும் வேறு கோயில்களுக்குப் போவது தமிழ்நாட்டில் புதிதல்ல. உடையாளூர்க் கல்வெட்டுத் தூணும் இன்று அம்மன் கோயிலில்தான் இருக்கிறது.

ஊரில் திறந்த வெளியில் நெடுங்காலம் கிடந்த லிங்கம் ஒன்றை மக்கள் ராஜராஜனின் சமாதியாகக் கருதி வழிபடுகிறார்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இப்பகுதியில் தொல்லியல் ஆய்வு நடத்த உத்தரவிட்டது.