50 ஆயிரம் பேருக்கு எதிராக ஒரே ஆள்... 4 மாதம் நடந்த செஸ் ஆட்டம்: காஸ்பரோவ் ஜெயித்தது எப்படி?

செஸ் என்றாலே பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கடிகாரமே இல்லாமல், மாதக்கணக்கில் ஆடும் செஸ்ஸும் உண்டு. அதுதான் அஞ்சல்வழி செஸ்.

எப்படி ஆடுவார்கள்?

காயல்பட்டினத்தில் இருப்பவர், கொழும்பில் கடை வைத்திருக்கும் மச்சானுடன் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு பலகை, அங்கே ஒரு பலகை. காயை எங்கே நகர்த்தினோம் என்பதைக் கடிதத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை காத்திருப்புதான். நடுவில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம், தப்பில்லை. 1828-29லேயே மெட்ராஸ் அணி இப்படி ஆடி ஹைதராபாத்தை வென்றிருக்கிறது.

உலகமே எதிரணி

இதன் இணைய வடிவம்தான் 1999 ஜூன் 21-ல் தொடங்கிய 'காஸ்பரோவ் எதிர் உலகம்' ஆட்டம். வெள்ளைக்கு அப்போதைய உலகின் நம்பர் 1 வீரர் கேரி காஸ்பரோவ். கறுப்புக்கு 75-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 50 ஆயிரம் பேர். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 24 மணி நேரம். 4 இளம் வீரர்கள் ஆலோசனை சொல்ல, அதிக ஓட்டு வாங்கும் நகர்த்தலே உலகத்தின் பதில்.

சிசிலியன் என்றால் என்ன?

வெள்ளை, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும். கறுப்பு அதே மாதிரி பதில் சொல்லாமல், ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். அதுதான் சிசிலியன் தற்காப்பு. கறுப்பில் ஆடும்போது காஸ்பரோவுக்கே பிடித்த ஆயுதம் இது. உலகம் அதையே அவர் மீது திருப்பியது!

திருப்பம் எங்கே?

10-வது நகர்த்தலில் 15 வயது இரினா கிரஷ் சொன்ன புது யோசனை, காஸ்பரோவையே திணறடித்தது. ஆட்டம் கடைசிக் கட்டம் வரை இழுத்தது. 58-வது நகர்த்தலில்தான் சிக்கல். மின்னஞ்சல் தாமதத்தால் கிரஷின் பரிந்துரை நேரத்துக்குள் இணையதளத்தில் வரவில்லை. வேறொரு நகர்த்தல் ஓட்டில் ஜெயித்தது. ஏற்கெனவே நெருக்கடியில் இருந்த கறுப்பு அதன்பிறகு மீளவே இல்லை.

62-வது நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் ராணியாக மாற ஒரே கட்டம்தான் பாக்கி. அக்டோபர் 22-ல் உலகம் தோல்வியை ஒப்புக்கொண்டது. வேறு எந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்றார் காஸ்பரோவ்.

யோசிக்க நாள் முழுக்க நேரம் இருந்தாலும், யோசித்தது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று மொபைலில் ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள் எடுத்து ஆடுபவர்களுக்கும் இதே கதைதான்!