உப்புக் கூடிய ரசமும் ஆர்.ஓ. மெஷினும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்குகிறது. மேட்டூரிலிருந்து மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒன்று, வீட்டு போர் தண்ணீர் இன்னொன்று. லீ பஜாருக்கு மளிகை வாங்கப் போனவர் அப்படியே ஒரு வாட்டர் ப்யூரிஃபையரும் விசாரித்தால், எந்தத் தண்ணீருக்கு என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்பதில்லை. விலை கூடிய மெஷின்தான் முன்னால் வந்து நிற்கும்.

ரசம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புளியைக் கரைத்து வடிகட்டினால் கொட்டையும் நாரும் நின்றுவிடும். மெஷினின் முதல் ஃபில்டருக்கு அவ்வளவுதான் வேலை. மண், துரு, தூசு அதில் நிற்கும். வடிகட்டிக்குப் பதில் நெருக்கமான துணியில் வடித்தால் மண்டியும் தங்கிவிடும் அல்லவா, அதுபோன்றது யு.எஃப். அதன் துளை ஏறக்குறைய 0.01 மைக்ரான், பாக்டீரியா நுழையாது. அடுத்தது கொதி. கொதியில் கிருமி சாகும். யு.வி. விளக்கு சூடேற்றாமலே அந்த வேலையைச் செய்கிறது. கிருமியின் மரபணுவைச் சிதைத்து அதைப் பெருகவிடாமல் தடுக்கிறது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் தூசு மறைப்பில் கிருமி தப்பிவிடும், அதனால்தான் வடிகட்டல் முந்தி.

இப்போது ரசத்தில் உப்புக் கூடிவிட்டது. எந்தத் துணியில் வடித்தாலும் உப்பும் கூடவே இறங்கும். கொதிக்கவிட்டால் சுண்டிச் சுண்டி இன்னும் கரிக்கும். போர் தண்ணீரின் வம்பு இதுதான். இங்கே மட்டும்தான் ஆர்.ஓ.வுக்கு வேலை. மோட்டார் அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிழிந்தெடுத்து, உப்பை மிச்சத் தண்ணீரோடு வெளியே தள்ளுகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போவது வீட்டு மெஷின்களில் சாதாரணம். அதைப் பிடித்துவைத்துத் தரை துடைக்கலாம். செடிக்கு ஊற்றும்முன் யோசியுங்கள், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் ஃப்ளோரைடும் ஒரு கவலை. பாறையிலிருந்து கரைந்து வருவது. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பல் கறையையும் எலும்பு நோயையும் தடுக்கத்தான். இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. ஃப்ளோரைடு நாக்குக்குத் தெரியாது. டி.டி.எஸ். மீட்டரும் கரைந்ததன் மொத்தக் கணக்கைச் சொல்லுமே தவிர ஃப்ளோரைடைப் பிரித்துச் சொல்லாது, கிருமியைச் சொல்லவே சொல்லாது. போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் மெஷின் வாங்கும்முன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

காவிரித் தண்ணீருக்கு வருவோம். டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆர்.ஓ. வீண் செலவு என்பது என் கட்சி. அப்படிப்பட்ட இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. இந்தத் தண்ணீர் கெடுவது பெரும்பாலும் நம் வீட்டுத் தொட்டியில், கழுவாத சம்ப்பில். அதற்குக் கார்பன் ஃபில்டரும் யு.வி.யும் போதும், கொதிக்கவைத்தாலும் சரி. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கார்பன் குளோரின் வாடையை எடுக்கும்போது அதன் காவலையும் சேர்த்து எடுத்துவிடுகிறது, எனவே சுத்தமான தண்ணீரை நாள்கணக்கில் பிடித்துவைக்கக் கூடாது.

விற்க வருபவர் டம்ளரில் இரண்டு கம்பிகளை இறக்கி, மின்சாரம் கொடுத்து, உங்கள் தண்ணீர் செம்பழுப்பாவதைக் காட்டுவார். பயப்பட வேண்டாம், அது கம்பியின் இரும்பு. உப்பு எடுத்த தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாக ஓடாது, அதனால் அது தெளிவாக நிற்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

ஆர்.ஓ. வாங்கியே தீர வேண்டுமென்றால் டி.டி.எஸ். அட்ஜஸ்டர் திருகைக் கேளுங்கள். சுவைக்காகச் சவ்வைத் தாண்டாத தண்ணீரைக் கலந்துவிடுகிற வேலை அது. ஃப்ளோரைடு இருக்கிற வீட்டில் அதை மூடியே வைக்கச் சொல்ல வேண்டும். மாட்டிய அன்றே குழாயில் வரும் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸைச் சுவரில் எழுதி வையுங்கள். பிறகு அந்த எண் ஏறிக்கொண்டே போனால் சவ்வு மாற்றும் நேரம் வந்துவிட்டது.